துவைச்ச போர்வை அட்டை மாதிரி விறைக்குதா? மெதுமைக்கு மருந்து கடையில் இல்லை... அலசுவதில்தான் இருக்கு!

காஞ்சீபுரம்:

அம்மா கட்டிய பழைய நூல் புடவை ரெண்டு, பாட்டி கட்டியது ஒண்ணு, கிழிஞ்ச வேட்டி ஒண்ணு. எல்லாத்தையும் மடிச்சு அடுக்கி, நாலு பக்கமும் ஓரம் கட்டி, குறுக்கும் நெடுக்குமாக கையாலேயே ஓட்டுத்தையல் போட்டால் ஒரு போர்வை ரெடி. பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தைக்கு கீழே விரிப்பதும் இதுதான். மழைக்காலத்தில் பெரியவர்கள் போர்த்திக்கொள்வதும் இதுதான். காசு கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை. ஆனால் போனால் திரும்ப கிடைக்காது. அந்தப் புடவையை கட்டினவர் இப்போது உயிரோடு இல்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

இப்படிப்பட்ட போர்வையை துவைச்சு காயப்போட்டு எடுத்தால் பல வீடுகளில் ஒரே புகார்தான். அட்டை மாதிரி விறைப்பாக நிற்கிறது. தையல் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது. உதறினால் தூசி பறக்கிறது. குழந்தையை படுக்க வைத்தால் முதுகு சிவக்கிறது. உடனே கடைக்குப் போய் 'துணியை பூ மாதிரி மாற்றும்' என்று விளம்பரம் செய்யப்படும் கண்டிஷனர் பாட்டிலை வாங்கி வந்து ஊற்றி விடுகிறார்கள். கொஞ்ச நாள் வாசனை வரும், வழவழப்பாகவும் இருக்கும். அப்புறம் பழையபடி விறைப்பு. இந்த முறை ஒரு பிசுபிசுப்பும் சேர்ந்து கொள்கிறது.

இதில் என்ன தப்பு நடக்கிறது? மெதுமை வேண்டும் என்று நாம் எதையாவது சேர்த்துக்கொண்டே போகிறோம். விறைப்புக்கு முக்கிய காரணமோ ஏற்கனவே சேர்ந்து போனதுதான். அதை வெளியே எடுத்தால் போதும், பழைய நூல் துணி தானாகவே மெத்தென்று ஆகிவிடும். 40 வருஷம் துவைச்சுத் துவைச்சு நைந்த நூலை விடவா ஒரு பாட்டில் திரவம் மெதுமை தந்துவிடப் போகிறது?

பட்டுக்காரர்களுக்கு தெரிந்த ரகசியம்

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். பட்டு நூலே இதற்கு சாட்சி.

பட்டுக்கூட்டில் இருந்து எடுத்த கச்சா நூலை தொட்டுப் பார்த்தவர்களுக்கு தெரியும். முரட்டுத்தனமாக, மங்கலாக, கம்பி மாதிரி இருக்கும். காரணம், பட்டுப்புழு நூலோடு சேர்த்து விடுகிற ஒரு பசை. செரிசின் என்று பெயர். கச்சா பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை போட்டு பசையை நீக்கிய பிறகுதான் பட்டுக்கு பளபளப்பும் மெதுமையும் வருகிறது. யாரும் எதையும் பூசவில்லை. ஒட்டிக்கொண்டு இருந்ததை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே வேலையில் இன்னொரு பாடமும் உண்டு. பசை நீக்கும் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் சோப்பு திரிந்து பட்டின் மேலேயே படிந்து விடும். நூல் மங்கும், சாயம் திட்டுத்திட்டாக பிடிக்கும். அதனால்தான் சோப்பு போட்டு பசை எடுக்கும் இடத்தில் தண்ணீர் நல்ல தண்ணீரா என்று முதலில் பார்ப்பார்கள்.

வீட்டில் போர்வை துவைக்கும் போது அந்தத் தண்ணீரைத்தான் நாம் கவனிப்பதே இல்லை.

வில்லன் தண்ணீர்தான்

காஞ்சீபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீஸ்வரர் கோவில் உள்ள ஊர். சிவலிங்கம் உடும்பின் வால் வடிவத்தில் இருப்பதால் வெளியூர் பக்தர்களும் தேடி வருவார்கள். ஆற்றங்கரை ஊர் என்றாலும் செய்யாற்றில் வருஷம் முழுக்க தண்ணீர் ஓடுவதில்லை. மழைக்காலத்தில் கரை தொட்டு ஓடும், கோடையில் மணல்தான். மற்ற நாளில் இந்தப் பக்கத்து கிராமங்களுக்கு கைகொடுப்பது கிணறும் போரும்தான்.

போர் தண்ணீர் பூமிக்குள் பாறையையும் மண்ணையும் தடவிக்கொண்டு வருவதால் அதில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்து இருக்கும். இதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீருக்கான இந்திய தர அளவின்படி (ஐ.எஸ். 10500) ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 600 வரை ஏற்கலாம். போர் எவ்வளவு ஆழம், எந்த இடம் என்பதை பொறுத்து ஒரே தெருவிலேயே இந்த அளவு மாறும்.

சோப்பு இந்த உப்புகளோடு சேர்ந்தால் நுரை வராது. அதற்குப் பதிலாக தயிர் திரிந்த மாதிரி ஒரு வெள்ளைப் படிவு வரும். தண்ணீரில் அது கரையாது. பக்கெட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் அழுக்கு வளையம் இருக்கிறதே, அதே சரக்குதான் துணிக்குள்ளும் போய் உட்காருகிறது. ஒற்றைத் துணியாக இருந்தால் அடித்து அலசும் போது ஓரளவு போய்விடும். நாலைந்து அடுக்கு வைத்து தைத்த போர்வையில் உள்ளே போனது வெளியே வர வழியில்லை. தையல் நூல் ஒவ்வொன்றும் ஒரு வேலி மாதிரி மறித்துக்கொள்ளும்.

நுரை வரவில்லையே என்று இன்னும் ரெண்டு கை பவுடர் அள்ளிப் போடுவோம். வினையே அங்குதான். சலவை பவுடர்களில் சோடா இருக்கிறது. அது உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் சுண்ணாம்பு மாதிரி பொடியாக பிரியும். காய்ந்த போர்வையை உதறினால் பறக்கும் வெள்ளைத் தூசியில் இதுவும் உண்டு. சலவை சோப்பு கட்டியோ இன்னும் மோசம். கட்டி கரையாமல் நிற்பதற்காக களிமண், சுண்ணாம்புப் பொடி போன்றவற்றை சேர்த்துத்தான் அதை செய்கிறார்கள். கட்டியை போர்வை மேல் நேராக வைத்து தேய்த்தால் அந்த மண் தையல் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சட்டை காலருக்கு கட்டி சரி. போர்வைக்கு வேண்டவே வேண்டாம்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்து கொள்ள ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில் போதும். பாதி அளவு தண்ணீர் பிடித்து, குளிக்கிற சோப்பில் கொஞ்சம் சீவிப் போட்டு மூடி நன்றாக குலுக்குங்கள். மேலே நுரை திரண்டு கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர். நுரையே இல்லாமல் பால் மாதிரி கலங்கி திரிதிரியாக மிதந்தால் உப்புத் தண்ணீர். இதற்கு சலவை பவுடர் போட்டுப் பார்க்காதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றி விடும். சரியான கணக்கு வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி பரிசோதித்துக் கொள்ளலாம்.

கண்டிஷனர் என்ன செய்கிறது?

துணி கண்டிஷனரில் இருப்பது கொழுப்பு போன்ற ஒரு பொருள். நூலின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. கை வழுக்குவதால் மெதுவாக இருக்கிறது என்று நினைக்கிறோம். துவைத்துப் போகாமல் துணியிலேயே தங்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. அதாவது, நாம் எதை விரட்ட நினைக்கிறோமோ அதையே காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறோம்!

இந்தப் படலத்தால் துணி தண்ணீரை உறிஞ்சும் சக்தி குறைகிறது. குழந்தை படுக்கிற போர்வைக்கு முக்கிய வேலையே ஈரத்தை உறிஞ்சுவதுதானே. மூத்திரம் உறிஞ்சாமல் மேலேயே நின்றால் பிள்ளையின் தோல்தான் நனைந்து புண்ணாகும். அதில் போடுகிற வாசனைப் பொருளும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு, தடிப்பு வரலாம். இன்னொரு விஷயம், படலம் ஏறிய பருத்தித் துணியில் நெருப்பு வேகமாக பரவும். அதனால்தான் தீப்பிடிக்காதபடி பதப்படுத்தப்பட்ட குழந்தைத் துணிகளுக்கு கண்டிஷனர் போடக்கூடாது என்று வெளிநாடுகளில் துணியிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் போர்வையில் மிச்சம் இருக்கிறதா? காய்ந்த போர்வையின் மேல் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். பழைய பருத்தித் துணியாக இருந்தால் சட்டென்று உறிஞ்ச வேண்டும். தாமரை இலை மாதிரி முத்தாக நின்றால் படலம் படிந்து இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மூலையை சுத்தமான தண்ணீரில் நனைத்து கசக்கிப் பிழியுங்கள். துளி சோப்பு போடாமலே நுரை வந்தால் போன தடவை போட்ட சோப்பு இன்னும் உள்ளேயே குடியிருக்கிறது.

ஒரே தண்ணீர்... பத்து மடங்கு வித்தியாசம்!

இப்போது கணக்குக்கு வருவோம். தண்ணீர் பஞ்சத்தில் எத்தனை தடவை அலசுவது என்று கேட்பவர்கள் இதை கவனமாக படியுங்கள்.

காய்ந்த நிலையில் ஒன்றரை கிலோ எடையுள்ள போர்வை என்று வைத்துக்கொள்வோம். நனைத்துப் பிழிந்த பிறகும் அதில் 3 லிட்டர் தண்ணீர் தங்கி இருக்கும். அந்த 3 லிட்டரிலும் சோப்பு கலந்து இருக்கும். உங்களிடம் அலச 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, அதாவது ரெண்டு பெரிய பக்கெட்.

மொத்தத்தையும் ஒரே தொட்டியில் ஊற்றி ஒரு தடவை அலசினால், 39 லிட்டரில் பரவிய சோப்பில் 3 லிட்டர் திரும்பவும் போர்வையோடு வரும். அதாவது 13-ல் ஒரு பங்கு சோப்பு மிச்சம்.

அதே 36 லிட்டரை மூன்றாக பிரித்து, 12 லிட்டர் வீதம் மூன்று தடவை அலசி, ஒவ்வொரு தடவையும் நன்றாக பிழிந்தால்? முதல் தடவையில் 5-ல் ஒரு பங்கு மிச்சம். ரெண்டாவதில் 25-ல் ஒன்று. மூன்றாவதில் 125-ல் ஒன்று. ஒரே தண்ணீர், ஒரு சொட்டு கூட அதிகம் இல்லை. மிச்சமோ கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காக குறைந்துவிட்டது.

இதில் சூட்சுமம் ரெண்டு தடவைக்கு நடுவில் தண்ணீரை எவ்வளவு வெளியேற்றுகிறோம் என்பதுதான். சொட்டச் சொட்ட தூக்கி அடுத்த பக்கெட்டில் போட்டால் கணக்கு கெட்டுப்போகும்.

அந்தக் காலத்து சலவைத் தொழிலாளர்கள் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்ததில்லை, ஆனால் செய்து காட்டினார்கள். உவர் மண் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, வெள்ளாவி அடுப்பில் பானை மேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேக வைப்பார்கள். காலையில் ஆற்றுக்கு கொண்டு போவார்கள். ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொரு முக்கும் புதுத் தண்ணீர்தானே. வெள்ளாவி வைத்த துணிக்கு இருந்த அந்த மெதுமைக்கும் வாசனைக்கும் பாதிக் காரணம் ஆற்று அலசல். இன்றைக்கு வெள்ளாவி அருகிவிட்டது. ஆறு ஓடுகிற நாளில் போர்வையை தூக்கிக்கொண்டு போகலாமே என்று நினைப்பவர்கள் சோப்பு வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு போங்கள். பவுடர் நுரையை ஆற்றிலும் கோவில் குளத்திலும் விடுவது நியாயம் இல்லை.

எப்படி துவைப்பது?

முதலில் வெயிலில் போட்டு உதறி தூசியை எடுங்கள். தையல் விட்டுப்போன இடம், நைந்த இடம் இருந்தால் நனைக்கும் முன்பே ஊசி நூலால் பிடித்து விடுங்கள். நனைந்த பிறகு அந்த ஓட்டை ரெண்டு மடங்கு ஆகிவிடும்.

அடுத்து சாயம். வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு கலர் மேலும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கலர் ஒட்டினால் அந்தப் போர்வையை ஊற வைக்கவே கூடாது, குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று முடிக்க வேண்டும். உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். சரியாக பிடிக்காத சாயத்தை துவைக்கிற நேரத்தில் போடும் உப்பு பிடித்து வைக்காது.

சாயம் போகாது என்றால் வெறும் தண்ணீரில், பவுடர் போடாமல், அரை மணி நேரம் ஊற வைத்து பிழியுங்கள். பழைய சோப்பு, மூத்திர உப்பு, தூசி எல்லாம் இதிலேயே பாதி போய்விடும். தண்ணீர் பழுப்பாக வருவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பிறகு ஒரு பெரிய பக்கெட் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி திரவ சோப்பு போதும். பவுடர்தான் இருக்கிறது என்றால் தனியாக சுடுதண்ணீரில் முழுசாக கரைத்து, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கல்லில் அடிக்காதீர்கள். பிரஷ் போடாதீர்கள். தொட்டியில் போட்டு காலால் மெதுவாக மிதித்தால் அடுக்குகளுக்குள் இருக்கும் அழுக்கு வெளியே வரும், தையலும் பிழைக்கும்.

பூந்திக்கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. கொட்டையை நீக்கிவிட்டு தோலை ராத்திரி ஊற வைத்து, காலையில் கசக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி பயன்படுத்துங்கள். உப்புத் தண்ணீரிலும் இது சோப்பு மாதிரி திரிந்து படியாது. வடிகட்டாமல் விட்டால் மட்டும் சக்கை ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியில் லேசாக பழுப்பு ஏறவும் வாய்ப்பு உண்டு.

அலசுவது மேலே சொன்ன கணக்குப்படி. மூன்று தடவை அலசிய பிறகும் பிழிந்த தண்ணீர் கையில் வழுக்கினால் நாலாவது தடவை.

ஏற்கனவே வெள்ளைப் படிவு ஏறிய போர்வை என்றால் சோப்பு எல்லாம் போன பிறகு ஒரு வேலை செய்யலாம். ஒரு பெரிய பக்கெட் தண்ணீரில் அரை டம்ளர், அதாவது 100 மில்லி வெள்ளை வினிகர் கலந்து, போர்வையை 20 நிமிஷம் முக்கி வைத்து, நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள். புளிப்பு சுண்ணாம்பை கரைத்துவிடும். காய்ந்ததும் வினிகர் வாடை இருக்காது. எலுமிச்சை சாறை வடிகட்டி ஊற்றினாலும் ஓரளவு பலன் உண்டு. மாதம் தவறாமல் செய்ய வேண்டிய வேலை இல்லை இது, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும்.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. வினிகரையோ எலுமிச்சையையோ பிளீச்சிங் பவுடர், பிளீச் திரவம் எதனோடும் சேர்க்காதீர்கள். குளோரின் விஷவாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

கஞ்சி, சொட்டு நீலம் ரெண்டும் இந்தப் போர்வைக்கு தேவையில்லை. கஞ்சி விறைப்புக்காகவே போடுவது, பூச்சியையும் அழைத்து வரும். நீலம் அடுக்குக்குள் திட்டாக நின்றால் எடுக்கவே முடியாது. கிருமி சாகட்டும் என்று கடைசி தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுகிற பழக்கமும் பல வீடுகளில் உண்டு. அதுவும் துணியில் தங்குகிற சரக்குதான். நல்ல வெயில் இருக்கும் போது அது எதற்கு?

மழைத்தண்ணீர் ஒரு டிரம் இருந்தால் ராஜயோகம். மழைத்தண்ணீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆன போது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை மொட்டைமாடி அழுக்கை அடித்துப் போன பிறகு பிடித்து மூடி வைத்தால் வெயில் அடிக்கிற நாளில் கடைசி அலசலுக்காவது உதவும். கொசு புகாமல் துணி கட்டி மூடுங்கள், இல்லை என்றால் டெங்குவை நாமே வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

தூக்குவதில் இருக்கு ஆபத்து

பழைய போர்வைகள் பெரும்பாலும் துவைக்கும் போது கிழிவதில்லை. தூக்கும் போதுதான் கிழிகின்றன. ஒன்றரை கிலோ போர்வை பிழிந்த பிறகே நாலரை கிலோ. பிழியாமல் தூக்கினால் இன்னும் கனம். ஒரு மூலையைப் பிடித்து தொட்டியில் இருந்து இழுத்தால் அத்தனை பாரமும் நைந்த நூல் மேல் விழும். அடியில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, குழந்தையை ஏந்துவது போல ரெண்டு பேராக தூக்குங்கள்.

முறுக்கிப் பிழியாதீர்கள். மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அல்லது பெரிய துண்டுக்குள் வைத்து பாய் மாதிரி சுருட்டி மிதியுங்கள். வாஷிங் மெஷின்? போர்வை உருள இடம் இருந்தால் மட்டும் போடலாம். டிரம் முழுக்க அடைத்தால் தண்ணீர் உள்ளே புகாது, அலசலும் நடக்காது. ரொம்ப நைந்து போனதை மெஷினுக்கு காட்டவே வேண்டாம்.

காயப்போட கயிற்றுக்கட்டில்தான் சரியான இடம். கீழேயும் காற்று போகும், பாரமும் ஒரே இடத்தில் விழாது. கட்டில் இல்லாதவர்கள் பக்கத்து பக்கத்தில் ரெண்டு மூன்று கொடி கட்டி பரப்பிப் போடுங்கள். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் எல்லாம் கீழ் ஓரத்தில் இறங்கி, மிச்ச சோப்பும் அங்கேயே சேர்ந்து கோடு விழும். காலை வெயில் நல்லது. உச்சி வெயிலில் கலர் வெளுக்கும். மேலே காய்ந்து விட்டதே என்று மடித்து வைக்காதீர்கள். உள் அடுக்கு காய ரெண்டு நாள் கூட ஆகலாம். ஈரத்தோடு பெட்டியில் போனால் பூஞ்சை பிடித்து கறுப்புப் புள்ளி விழும். அந்தக் கறை லேசில் போகாது.

எல்லாம் சரியாக செய்தும் காய்ந்த போர்வை கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். பயப்பட வேண்டாம். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு காரணம் சொல்கிறது. பருத்தி நூலில் காய்ந்த பிறகும் கொஞ்சம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு இருக்கும். அது நூலுக்கும் நூலுக்கும் நடுவில் பசை மாதிரி பிடித்துக்கொள்ளுமாம். அதனால்தான் அசையாமல் காய்ந்த துணி விறைக்கிறது, காற்றில் ஆடிக் காய்ந்த துணி மெதுவாக இருக்கிறது. வைத்தியம் சுலபம். முக்கால்வாசி காய்ந்ததும் ஒரு தடவை, முழுசாக காய்ந்ததும் ஒரு தடவை ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடித்து உதறி, கைகளால் கசக்கி விட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

எல்லா போர்வைக்கும் இது பொருந்தாது

இலவம்பஞ்சு அடைத்ததை தண்ணீரில் போடவே கூடாது. பஞ்சு திரண்டு உருண்டையாகி விடும். வெயிலில் போட்டு தட்டினால் போதும், உறையை மட்டும் கழற்றி துவையுங்கள். பருத்திப் பஞ்சு தளர்வாக அடைத்ததற்கும் இதே விதிதான்.

பட்டுப்புடவைத் துண்டு வைத்து தைக்கிற போர்வைகளும் இப்போது வருகின்றன. காஞ்சீபுரத்துக்காரர்கள் வீட்டில் கிழிந்த பட்டுக்கு பஞ்சமா என்ன? பட்டுக்கு சோடா கலந்த பவுடர் ஆகாது. சுடுதண்ணீரும் ஆகாது. சாயம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் சீக்கிரம் முக்கி எடுத்து நிழலில் காய வையுங்கள். ஜரிகை இருந்தால் வினிகர், எலுமிச்சை பக்கமே போகாதீர்கள். ஜரிகை அதிகம் உள்ளதை வீட்டில் துவைப்பதை விட டிரை கிளீனிங் கொடுப்பது நல்லது.

புதுத் துணியில் தைத்த போர்வைக்கு ஒரு வேலை அதிகம். புது நூல் துணியில் நெசவுக்கு போட்ட கஞ்சி இருக்கும். தைக்கும் முன்பே துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்து அலசி விடுங்கள். கஞ்சியும் போகும், துணி சுருங்குவதும் அப்போதே முடிந்து விடும்.

அந்துருண்டை... குழந்தைக்கு ஆகவே ஆகாது!

துவைத்த போர்வையை பெட்டியில் வைக்கும் போது பலரும் ரெண்டு அந்துருண்டையை போட்டு விடுகிறார்கள். மகள் பிரசவத்துக்கு வந்ததும் அந்தப் போர்வையை அப்படியே எடுத்து பச்சைப்பிள்ளைக்கு விரிப்பார்கள். இதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தான மிச்சம்.

பல அந்துருண்டைகளில் இருப்பது நாப்தலின். அதன் ஆவி துணியில் தங்கும். பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தசோகையும் கடுமையான மஞ்சள்காமாலையும் வரலாம். எந்தக் குழந்தைக்கு இந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அந்துருண்டை போட்டு வைத்த துணியில் படுத்து பச்சைக்குழந்தைகள் பாதிக்கப்பட்டதை டாக்டர்கள் பல நாடுகளில் பதிவு செய்து இருக்கிறார்கள்.

குழந்தைத் துணி வைக்கிற பெட்டியில் காய்ந்த வேப்பிலையை துணிப்பையில் கட்டிப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயிலில் உதறி, மடிப்பை மாற்றி வையுங்கள். ஏற்கனவே அந்துருண்டையோடு இருந்த போர்வை என்றால் துவைத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலிலும் காற்றிலும் போட்டு, மூக்குக்கு துளி வாடை கூட தெரியாத பிறகுதான் குழந்தை பக்கம் கொண்டு போக வேண்டும். வாடை போகாவிட்டால் அந்தப் போர்வை பெரியவர்களுக்கு இருக்கட்டும். குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளாக தெரிந்தால் வெயிலில் காட்டிப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெட்டியில் அந்துருண்டை இருந்த விஷயத்தையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.